கோப்பின் நாட்குறி

வைத்த பொருளை வைத்த இடத்திற் காணாது மயங்குதல் மக்கட்கு இயல்பு. திறவுகோலை இடுப்பிற் செருகிக்கொண்டு வீடெங்கும் தேடும் பாட்டியாரையும், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மேசையைத் துழாவும் ஆசிரியரையும் கண்டு நகைத்த நாமே, இன்று கணிப்பொறியின் முன் அமர்ந்து அதே பாடு படுகின்றோம். நேற்று மாலை இரண்டு மணி நேரம் இருந்து திருத்திய கட்டுரை இன்று காலையிற் கிடைப்பதில்லை. என்ன பெயர் இட்டோம் என்பது நினைவில் இல்லை. எந்தக் கோப்புறையில் வைத்தோம் என்பதும் நினைவில் இல்லை. நெஞ்சில் நிற்பது ஒன்றே: நேற்றுத் திருத்தினோம் என்பது. அவ்வொன்றையே பற்றுக்கோடாகக் கொண்டு தேடுதற்கு வழி உண்டு. அவ்வழி எத்துணைத் தூரம் நம்மை அழைத்துச் செல்லும், எவ்விடத்திற் கைவிடும் என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். எமது துணிபை முன்னரே கூறிவிடுகின்றோம். கணிப்பொறி இடும் நாட்குறி ஒரு சான்றே. அது தீர்ப்பு அன்று.

இத்துணிபு நூலிற் படித்து வந்ததன்று, பட்டறிந்து வந்தது. எம் வகுப்பிற் பயிலும் தோழியார் ஒருவர் தேரிக்காட்டுச் சிற்றூர் ஒன்றிற் பிறந்தவர். அவருடைய ஆச்சி தம் பெயரை எழுதவும் அறியாதவர். ஆயினும் தாலாட்டும், ஒப்பாரியும், பதநீர் காய்ச்சுங்காற் பாடும் பாட்டுமாக 43 பாடல்களை நெஞ்சில் வைத்திருந்தவர். பேர்த்தியார் மூன்றாண்டு விடுமுறைகளில் அவற்றைக் கைபேசியிற் பதிந்து, பின் ஒவ்வொன்றாய்க் கேட்டுத் தட்டச்சு செய்தார். கைபேசி நீரில் விழுந்து பாழாயிற்று, குரல் போயிற்று, எழுத்து மட்டும் எஞ்சிற்று. சென்ற மார்கழியில் ஒரு மாலை, தமிழ்த்துறையில் உள்ள மேசைக் கணிப்பொறியில் அமர்ந்து, ஆச்சி அவ்வாரம் தொலைபேசியிற் கூறிய திருத்தங்களையும் வட்டாரச் சொற்களின் பொருளையும் அவர் சேர்த்து முடித்தார். மறுநாட் காலை வந்து பார்த்தபொழுது அத்திருத்தப்படி கண்ணிற் படவில்லை. ஆச்சியோ அதற்குள் நோய்வாய்ப்பட்டு, மீண்டும் சொல்லும் நிலையில் இல்லை.

யாங்கள் நால்வர் கூடினோம். "அழிந்துபோயிற்று" என்றார் ஒருவர். "நீ சேமிக்க மறந்திருப்பாய்" என்றார் மற்றொருவர். சேமித்தது உறுதி என்றார் தோழியார். பெயர் மட்டும் நினைவில்லை என்றார். பெயர் அறியாத கோப்பை நாளைக் கொண்டு தேடலாமே என்று யாம் கூறத் தேடல் தொடங்கிற்று. அதன் முடிவைக் கூறுமுன், இந்நாள் என்பது யாது, அஃது எங்ஙனம் எழுதப்படுகின்றது என்பதை விளக்குதல் வேண்டும்.

கணிப்பொறி ஒவ்வொரு கோப்பிற்கும் ஒன்றிற்கு மேற்பட்ட நாள்களைக் குறித்து வைக்கின்றது. கோப்பு அவ்விடத்தில் உண்டான நாள் ஒன்று. அதன் உள்ளடக்கம் கடைசியாக மாறிய நாள் ஒன்று. அது கடைசியாகத் திறக்கப்பட்ட நாள் மற்றொன்று. விண்டோஸ் கணிப்பொறிகளில் வன்தட்டிற்கு வழங்கும் என்.டி.எஃப்.எஸ். என்னும் முறை, 1601-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளைத் தொடக்கமாக வைத்து, ஒரு விநாடியை ஒரு கோடிக் கூறாக்கி, அக்கூறுகளின் எண்ணிக்கையாகக் காலத்தை எழுதுகின்றது. யூனிக்ஸ் வழிவந்த பொறிகள் 1970-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து எண்ணுகின்றன. சிறு சேமிப்புக் கோல்களில் வழங்கும் ஃபேட் என்னும் பழைய முறையோ 1980-ஆம் ஆண்டிலிருந்து எண்ணுகின்றது. மாறிய வேளையை இரண்டிரண்டு விநாடியாகவே அஃது அறியும். இங்ஙனம் நுணுக்கத்தில் வேறுபடினும், திருத்தியோன் மறந்ததைப் பொறி மறவாது குறித்து வைக்கின்றது என்பதில் இவையாவும் ஒன்றே.

அக்குறிப்பைப் படிக்கும் வழியும் அரிதன்று. விண்டோஸ் கணிப்பொறியிற் கோப்புறையைத் திறந்து, 'டீடெயில்ஸ்' என்னும் விரிவான காட்சியைத் தெரிந்து, 'டேட் மாடிஃபைடு' என்னும் தலைப்பை ஒருமுறையோ இருமுறையோ சொடுக்கினால், அண்மையில் மாறியவை மேலே ஏறி நிற்கும். கோப்புறை எதுவெனத் தெரியாவிடின், தட்டு முழுவதையும் திறந்துகொண்டு, வலப்பக்கத்து மேல்மூலையில் உள்ள தேடற்பெட்டியில் 'டேட்மாடிஃபைடு' என்பதனை இடைவெளியின்றி ஆங்கில எழுத்தில் இட்டு, அதன்பின் முக்காற்புள்ளியும் 'டுடே' என்னும் சொல்லும் இட்டால், இன்று மாறியவை யாவும் வரும். 'யெஸ்டர்டே' எனின் நேற்றையன; 'லாஸ்ட் வீக்' எனின் சென்ற வாரத்தன. லினக்ஸ் பயில்வோர் 'ஃபைண்ட்' என்னும் ஏவலோடு 'எம்டைம்' என்னும் குறியையும் கழித்தற்குறி இட்ட 1 என்னும் எண்ணையும் சேர்ப்பின், கடந்த 24 மணி நேரத்துள் மாறியவை வரும். 'எம்மின்' என்னும் குறியோடு கழித்தற்குறி இட்ட 60 என்னும் எண்ணைச் சேர்ப்பின், கடந்த ஒரு மணி நேரத்தில் மாறியவை வரும்.

ஈண்டு மாணாக்கர் பலர் மயங்கும் இடம் ஒன்று உண்டு. திறத்தல் வேறு, திருத்தல் வேறு. விண்டோஸ் 10-இல் 'குயிக் ஆக்செஸ்' என்னும் இடத்திலும், விண்டோஸ் 11-இல் 'ஹோம்' என்னும் இடத்திலும், எழுத்துச் செயலிகளின் 'ரீசண்ட்' என்னும் பட்டியலிலும் தோன்றுவன பெரும்பாலும் அண்மையில் நாம் எடுத்துக் கையாண்டவை. ஒரு கோப்பைத் திறந்து, ஒரு சொல்லும் மாற்றாது மூடினும், அது பட்டியலில் ஏறிவிடும். மக்கிண்டாஷில் 'ரீசண்ட்ஸ்' என்பதும் அத்தகையதே. விருந்தினர் வருகைப் பதிவேட்டைப் பார்த்து வீட்டைப் பழுது பார்த்தவர் யார் என்று துணியலாகாது. அவ்வாறே இப்பட்டியலைப் பார்த்துத் திருத்தப்பட்டது எது என்று துணியலாகாது. விரைவாக எட்டிப் பார்த்தற்கு அது நன்று; ஐயம் நிகழின், மாறிய நாளின் வரிசையையே நாடுதல் வேண்டும்.

நிற்க. மாறிய நாள்தானும் எப்பொழுதும் நாம் கருதும் பொருளைத் தருவதில்லை. ஒரு கோப்பைப் படியெடுத்து வேறிடத்தில் வைத்தால், விண்டோஸ் அப்படிக்கு மாறிய நாளைப் பழையபடியே விட்டு, உண்டான நாளை மட்டும் புதிதாக இடுகின்றது. ஆகவே பிறப்பதற்கு முன்னரே திருத்தப்பட்டதாய் ஒரு கோப்புத் தோன்றும்! லினக்ஸிற் சாதாரணமாகப் படியெடுப்பின், மாறிய நாளும் புதிதாகிவிடும். மின்னஞ்சலிலிருந்து இறக்கிய கோப்பு, எத்துணைப் பழையதாயினும், பெரும்பாலும் இறக்கிய வேளையையே தாங்கி நிற்கும். பார்ப்பதற்காகத் திறந்த கோப்பில் அறியாது ஓர் இடைவெளி விழ, மூடுங்கால் 'சேமிக்கவா' என்னும் வினாவிற்கு 'ஆம்' என்று சொல்லிவிட்டால், பழைய படி ஒரு நொடியிற் புதிய நாளைப் பெற்றுவிடும்.

இவை யாவற்றினும் பெரியது ஒன்று. கணிப்பொறி தன் காலத்தைத் தானே அறிவதில்லை. தன்னுள் இருக்கும் கடிகாரத்தைக் கேட்டே எழுதுகின்றது. மின்சாரம் நின்றபொழுதும் அக்கடிகாரம் ஓடுதற்கு, தாய்ப்பலகையில் ஒரு காசளவினதாகிய சிறு மின்கலம் உண்டு. அது வலியிழந்தால், மின்சாரம் நின்று வந்தபின் கடிகாரம் பழைய ஆண்டொன்றிற்குச் சென்றுவிடும். இணையத்தோடு கூடிய பொறி தன் காலத்தைத் திருத்திக்கொள்ளக்கூடும். கூடாத பொறி, திருத்துவார் வரும்வரை, பொய்க்காலத்தையே மெய்யெனக் கொண்டு எழுதிச் செல்லும்.

எம் கதைக்கு மீள்வோம். 'இன்று' எனத் தேடினோம். 'நேற்று' எனத் தேடினோம். சென்ற வாரம் முழுவதையும் தேடினோம். அகப்பட்டது ஒன்றே: தோழியார் தம் சேமிப்புக் கோலில் வைத்திருந்த படி. அதன் நாள் அன்றைய காலை. "இதோ, இதுவே புதியது, இதனையே அச்சிற்கு அனுப்புவோம், நாளையொடு தவணை முடிகின்றது" என்றனர் தோழர். நாட்குறியை நம்பினால் அவர் கூறியதே சரி. தோழியார் அதனைப் படித்துப் பார்த்துத் தலையசைத்தார். ஆச்சி கூறிய திருத்தம் ஒன்றும் அதில் இல்லை. அன்று காலை அவரே அப்பழைய படியைத் திறந்து பார்த்து, மூடுங்கால் 'ஆம்' என்று அழுத்தியிருந்தார். பழையது புதிய நாளைப் பூண்டு நின்றது. புதியது எங்கோ மறைந்து கிடந்தது.

அப்பொழுது துறையிற் பணிபுரியும் அண்ணாச்சி ஒருவர், யாங்கள் படும் பாட்டைப் பார்த்து, "என்ன தம்பி தேடுகிறீர்கள்?" என்று வினவினார். கூறினோம். அவர் சிறிது எண்ணி, "நேற்று மாலை மின்சாரம் நின்று வந்தது. காலையில் நான் வந்து பார்க்கும்பொழுது இதில் 2010 என்று காட்டிற்று. நான்தான் திருத்தி வைத்தேன்" என்றார். அச்சொல்லே திறவுகோலாயிற்று. எழுத்துக் கோப்புக்கள் யாவற்றையும் தேடி, நாள் வரிசையிற் பரப்பி, மேலே பாராது அடிக்குச் சென்றோம். 2010-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் என்னும் குறியோடு, தாலாட்டு ஒன்றின் முதற்சொற்களையே பெயராகக் கொண்டு, அக்கோப்பு அமைதியாகக் கிடந்தது. பெயரிடாது சேமித்தபொழுது செயலி முதலடியையே பெயராக எழுதிக்கொண்டது போலும். திறந்தோம், 43 பாடல்களும், ஆச்சி கூறிய பொருளும், ஒன்றும் குறையாது இருந்தன.

இந்நிகழ்ச்சியிற் பொறி பொய் கூறிற்றோ? இல்லை. தான் அறிந்ததைக் கூறிற்று. காலையிற் கடிகாரத்தைத் திருத்தியவரும் குற்றம் செய்தாரல்லர், நன்மையே செய்தார். கேட்டவராகிய யாங்களே, சான்று எந்நிலையிற் கூறப்பட்டது என்பதை ஆராயாது கேட்டோம். பொறியின் நாட்குறியும், அண்ணாச்சியின் நினைவும், தோழியார் கோப்பைப் படித்துப் பார்த்த படிப்பும் ஆகிய மூன்றும் கூடியபொழுதே உண்மை வெளிப்பட்டது.

"இது பொறியியல் மாணாக்கர் கற்க வேண்டியது, தமிழ் கற்பார்க்கு இது எற்றுக்கு?" என வினவுவார் உளர். அவர்க்கு யாம் கூறுவது, தமிழ் கற்பாரே இதனை முதலில் உணர்தற்குரியர் என்பது. ஏடெழுதினோர் பலர், எழுதி முடித்த இடத்தில் ஆண்டும் திங்களும் நாளும் தம் பெயரும் குறித்து வைக்கும் வழக்கம் உடையராயிருந்தனர். அறுபதாண்டு வட்டத்து ஆண்டின் பெயரை மட்டும் ஒருவர் குறித்திருப்பின், வரும் இடர்ப்பாடு யாவரும் அறிந்ததே. 'விய வருடம்' எனின் அது 1886-இல் தொடங்கியதோ, 1946-இல் தொடங்கியதோ, 2006-இல் தொடங்கியதோ, பெயர் கொண்டு துணிதல் இயலாது. கொல்லம் ஆண்டோ கலியாண்டோ உடன் இருப்பின் ஐயம் நீங்கும். ஏட்டில் உள்ள நாள் பொய்யன்று. ஆயினும் துணைச்சான்று வேண்டும். மேலும், பிந்திய ஏடு என்பதனால் அது தாழ்ந்ததும் அன்று. முந்திய ஏடு என்பதனால் உயர்ந்ததும் அன்று. நல்ல மூலத்தைப் பார்த்துப் பிற்காலத்தான் ஒருவன் எழுதியது, தீய மூலத்தைப் பார்த்து முற்காலத்தான் எழுதியதனினும் சிறந்திருத்தல் கூடும். உ. வே. சாமிநாதையரவர்கள் 1887-ஆம் ஆண்டிற் சீவகசிந்தாமணியையும், 1894-ஆம் ஆண்டிற் புறநானூற்றையும் பதிப்பித்தகாலை, பல ஏடுகளை ஒருங்கு வைத்து ஒப்புநோக்கியே பாடம் துணிந்தார்கள். அவர்கள் வழியைப் பாராட்டித் தேர்வில் விடை எழுதும் நாம், நம் கையில் உள்ள இரண்டு கோப்புக்களை ஒப்புநோக்காது, மேலே நிற்பதே மெய் என்று அச்சிற்கு அனுப்புதல் தகுமோ?

இன்னும் சிலர், "பழைய படிகளையெல்லாம் தானே காத்து வைக்கும் வசதிகள் வந்துவிட்டனவே, இனித் தேடுதலும் வேண்டா, கவலையும் வேண்டா" என்பர். வசதிகள் வந்தது உண்மையே. மக்கிண்டாஷில் 'டைம் மெஷின்' 2007-ஆம் ஆண்டிலும், விண்டோஸ் 8-இல் 'ஃபைல் ஹிஸ்டரி' 2012-ஆம் ஆண்டிலும் வந்தன. இணைய வழி எழுதும் செயலிகள் பலவும் முந்திய வடிவங்களைக் காத்து வைக்கின்றன. இவற்றை யாம் இகழ்கின்றோம் அல்லேம். இயன்றவர் இன்றே அமைத்துக்கொள்க. ஆயின் இவற்றுட் பல, இழப்பு நேர்வதற்கு முன்னரே ஏற்படுத்தி வைத்தார்க்கே உதவுவன; நாளாலும் வேளையாலும் நிரல்படுத்திக் காட்டுவன. பத்து வடிவங்களை ஒருவர் முன் பரப்பினும், அவற்றுள் இதுவே நான் கருதிய படி என்று தேர்ந்தெடுக்கும் கடமை அவருடையதேயாகும்.

ஆதலின், எம்மொடு பயிலும் மாணாக்கர்க்கு யாம் பணிவுடன் கூறுவன சில. எழுதத் தொடங்குமுன் கணிப்பொறியின் கடிகாரத்தை ஒருமுறை நோக்குக. கோப்பிற்குப் பெயரிடுங்கால் ஆண்டு, திங்கள், நாள் என்னும் முறையே எண்களை முன்னிடுக. ஆண்டு முன்னும், திங்களும் நாளும் இவ்விரண்டு எண்களாய்ப் பின்னும் நிற்பின், பெயர் வரிசையே கால வரிசையாய் அமையும். பொறியின் கடிகாரம் தவறினும், படியெடுப்பதால் நாள் மாறினும், நீவிர் இட்ட பெயர் மாறாது. பார்த்தற்குத் திறந்ததை மூடுங்கால், 'சேமிக்கவா' என்னும் வினாவைப் படித்த பின்னரே விடை கூறுக. முடித்த இடத்தில், ஏடெழுதினோர் செய்தவாறே, இன்ன நாளில், இன்னது திருத்தி, இன்னார் முடித்தனர் என ஒரு வரி எழுதி வைக்க. காணாமற்போன கோப்பைத் தேடுங்கால் நாளைக் கொண்டு தேடுக. மேலே காணாவிடின் அடியிலும் நோக்குக. கண்டபின் திறந்து படிக்காது அதுவே எனத் துணியற்க. அரியதாயின், ஓரிடத்தில் மட்டும் வையற்க.

அத்தோழியாரின் ஆச்சி தைத் திங்களிற் காலமானார். அவர் பாடக் கேட்ட ஊரார் இருக்கின்றனர். ஆயினும் அச்சொற்களுக்கு அவர் கூறிய பொருள், 2010 எனப் பொய்நாள் பூண்டு கிடந்த அவ்வொரு கோப்பிலன்றி வேறெங்கும் இருந்ததில்லை. அன்று தோழர் கூறியவாறே மேலே நின்றதை அச்சிற்கு அனுப்பியிருப்பின், ஒருவரும் குறை காணார்; இழந்தது இன்னதென்று அறிவாரும் இரார். இன்று அப்பாடல்கள் மூன்று இடங்களில் உள்ளன. அவற்றின் இறுதியில், பேர்த்தியார் கையால், உண்மையான நாளும் ஆச்சியின் பெயரும் எழுதப்பட்டுள்ளன.